சித்தர்கள் பக்கத்துக் கடை

காசியம்மாள் டீக்கடை போட்ட இடத்துக்குச் சித்தர்களைத் தவிர வேறு யாரும் வர முடியாது. இதை நான் சொல்லவில்லை. அவள் புருஷனின் அண்ணன் கோதண்டராமன் சொன்னார். சொல்லிவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிக்கவும் செய்தார்.

விஷயம் இதுதான். திருவண்ணாமலையில் மலை சுற்றுகிறவர்களுக்கு மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்கும். அவர்கள் சாலையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது ஓரம் சித்தர்களுக்கு உரியது. கண்ணுக்குத் தெரியாமல் அவர்களும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் அவர்கள் காலை மிதித்துவிடுவோம் என்று ஒரு வழக்கம். எங்கள் ஊரான அடி அண்ணாமலை அந்தச் சாலையின் மேலேயே இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் மலை சுற்ற வருகிறவர்களுக்குத்தான். நாங்கள் குடத்தோடும் மாட்டோடும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போவோம், வருவோம். சித்தர்கள் எங்களுக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் மாதிரி. லேசாக இடித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காசியம்மாளின் மாமனார் நிலத்தை இந்தச் சாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. பாகம் பிரித்தபோது மூத்தவர் கோதண்டராமன் கிணறும் புளியமரமும் இருந்த இடது பக்கத்தை எடுத்துக்கொண்டார். இளையவன் சகாதேவனுக்கு மலைப் பக்கத்துப் பாறையும் வேலிக்காத்தானும் வந்தன. சகாதேவன் நல்ல மனுஷன், அதாவது பாகம் பிரிக்கிறபோது வாயைத் திறக்காதவன். பாறை இடுக்கில் மல்லாட்டை போட்டு, விளைந்த கடலையை அணில்களோடு பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்தான். எமர்ஜென்சி சமயத்தில் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனான். பிள்ளை குட்டி கிடையாது.

காரியம் முடிந்த கையோடு கீழ்பென்னாத்தூரிலிருந்து காசியம்மாளின் தம்பி அர்ஜுனன் வந்து, "வாக்கா, நம்ம வூட்டுக்கு" என்று கூப்பிட்டான். அவன் நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டான். ஆனால் வீட்டில் அவன் மனைவி சந்திரகலா இருந்தாள். ஒரு முறை பொங்கலுக்குப் போயிருந்தபோது, காசியம்மாள் இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டதைச் சந்திரகலா பார்த்த பார்வை காசியம்மாளுக்கு மறக்கவில்லை. அந்த வீட்டில் ஒரு மூலை கிடைக்கும், ஒரு தட்டு கிடைக்கும், அடுப்பு யாருடையது என்பது மூன்று வேளையும் ஞாபகப்படுத்தப்படும்.

"நான் கடை வெச்சுப் பொழச்சுக்கறேன்" என்றாள். "கார்த்திகை தீபம் வரைக்கும் டைம் குடு. ஓடலைன்னா நானே மூட்டையக் கட்டிக்கினு வந்துடறேன்."

தனக்கென்று இருந்த ஒரே இடத்தில், அந்தப் பாறைமேட்டில், நாலு கம்பு நட்டு ஓலை போட்டு அடுப்பு மூட்டினாள். எதிரே புளியமரத்தடியில் கோதண்டராமனின் டீக்கடை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வேலையெல்லாம் அவர் மனைவி ராணியம்மாள் செய்ய, அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அதற்குப் பக்கத்தில் என் வாடகை சைக்கிள் கடை. அதனால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது.

கோதண்டராமன் இந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னா காசி, சித்தருக்கா டீ ஆத்தப் போற?"

அவர் சொன்னது பலித்தது. மலை சுற்றுகிற ஜனம் இடது ஓரமாக வரும், புளியமரத்தடியில் உட்காரும், டீ குடிக்கும், எழுந்து போகும். எதிரே ஒருத்தி அடுப்பை ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லிவிட்டுப் போகும். ஒருத்தரும் சாலையைத் தாண்டவில்லை.

அந்த நேரத்தில்தான் வெள்ளைக்காரர்கள் ஜாஸ்தியாக வர ஆரம்பித்தார்கள். ஊரில் அவர்களைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு. இவ்வளவு தூரம் ஏரோப்ளேனில் வந்து செருப்பில்லாமல் நடக்கிறார்களே, அவர்கள் ஊரில் மலையே இல்லையா என்று குழாயடியில் பெண்கள் கவலைப்பட்டார்கள். அவர்கள் வந்ததால்தான் பால் விலை ஏறிவிட்டது என்று கோதண்டராமன் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். பாலில் தண்ணீர் ஏறியதற்கு யார் காரணம் என்று அவர் சொல்லவில்லை.

வெள்ளைக்காரர்களுக்குச் சித்தர் விஷயம் தெரியாது. மலையைப் பார்க்க வந்தவர்கள், மலைக்குக் கிட்டேதானே நடப்பார்கள்? வலது ஓரமாகவே வந்தார்கள். அப்படி முதலில் வந்தவள் ஹெலன். பனை உயரம். வெள்ளைப் புடவையைப் போர்வை சுற்றுகிற மாதிரி சுற்றியிருப்பாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அவளுக்கு எல்லம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் நேராகக் காசியம்மாள் கடையில் வந்து உட்கார்ந்தாள்.

எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தரம் எழுதியவன் என்பதால் இங்கிலீஷ் என்றால் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், டீ மட்டும் போதும் என்றாள் ஹெலன். மொழிபெயர்த்தேன்.

"பாலும் வேணாம் சக்கரையும் வேணாம்னா, அது பாத்திரம் கழுவின தண்ணிதானே மூர்த்தி?" என்றாள் காசியம்மாள்.

ஹெலன் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நாள் நாலு பேரோடு வந்தாள். ஐப்பசி பிறப்பதற்குள் காசியம்மாள் கடையில் பெஞ்சு போதாமல் பாறை மேலெல்லாம் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காசியம்மாள் புதுசாக ஒரு பாய்லர் வாங்கினாள். தம்பிக்கு ஆள் மூலம் 'நான் வரல்ல' என்று சொல்லி அனுப்பினாள். நடையே மாறிவிட்டது. அவள் பாட்டுப் பாடிக்கொண்டே டீ ஆற்றுவதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

எதிர்ப் பக்கம் கோதண்டராமனுக்குச் சோறு இறங்கவில்லை. பால் விலையை ஏற்றியவர்கள் தன் பாலை வாங்கவில்லை என்பதுதான் இப்போது அவர் வருத்தம். பெஞ்சில் துண்டு விரித்துப் பார்த்தார். 'கமான் கமான்' என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நாள் காலை நடுரோட்டில் போய் நின்று ஹெலனை மறித்தார். எனக்கே தெரியாத இங்கிலீஷை அன்று அவர் பேசினார்.

"ரைட் சைடு, சித்தர். நோ வாக்! லெஃப்ட் சைடு, மேன்!" பிறகு தரையில் படுத்து, தன் கால் மேல் யாரோ ஏறி மிதிக்கிற மாதிரி "ஐயோ, ஐயோ" என்று நடித்துக் காட்டினார்.

ஹெலனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளாகச் சித்தர்கள் காலை மிதித்துக்கொண்டிருந்தோமா என்று அங்கேயே நின்று அழுதாள். கோதண்டராமன் அவளுக்கு ஆறுதலாக ஒரு டீ கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரர்கூட வலது பக்கம் கால் வைக்கவில்லை. மலை சுற்றுகிற நம்ம ஜனம் சாலையின் இடது ஓரத்தில் நடக்கும், அவர்கள் அதற்கும் இடதுபுறமாக, முள்ளிலும் கால்வாயிலும் இறங்கி, எறும்பு மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

அதோடு விட்டார்களா? எங்களையும் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பரசுராமன் மாட்டு வண்டியில் எரு ஏற்றிக்கொண்டு மலைப் பக்கமாக வந்தபோது ஒரு தாடிக்காரன் குறுக்கே போய்க் கைகூப்பி நின்று வண்டியை இடதுபுறம் திருப்பச் சொன்னான். பரசுராமனுக்கு வந்ததே கோபம்.

"எங்க ஊரு சித்தருடா! எங்க அப்பன் தாத்தன் காலத்துலேர்ந்து இப்படித்தான் போறோம். அவரு எங்ககிட்ட ஒண்ணும் கேக்கல்ல, உனுக்கு இன்னா?"

தாடிக்காரன் மறுபடி கைகூப்பினான். மாடுகள் தாமாகவே இடதுபுறம் திரும்பிவிட்டன. எங்கள் வழக்கத்தை எங்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், கேட்காவிட்டால் நாங்கள் பக்தியில்லாதவர்கள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

காசியம்மாள் கடை ஒரே நாளில் படுத்துவிட்டது. பாட்டு நின்றது. தீபத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அர்ஜுனன் வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, "தீபத் திருவிழா கொடியேத்தத்துக்கு மொத நாள் வரேன், தயாரா இரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் விடிகாலையில் ஒரு சத்தம் கேட்டு நான் கடை வாசலுக்கு வந்தேன். காசியம்மாள் ஒரு டம்ளர் நிறைய டீ ஆற்றி, கடைக்கு முன்னால் இருந்த தட்டைப் பாறையில் ணங்கென்று வைத்தாள். வெறும் சாலையைப் பார்த்துக் கத்தினாள்.

"உங்க பக்கம்தானேயா கடை போட்டுக் கீறேன்! மனுசன்தான் வரமாட்டான். நீங்களும் வரல்லைன்னா நான் எங்கதான் போவேன்? குடிங்க! காசு வேணாம், குடிச்சுத் தொலைங்க!"

கத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரத்தில் பரசுராமனின் ஆடு பாறைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. டம்ளருக்குள் மூக்கை விட்டு ஒட்டக் குடித்துவிட்டுப் போனது. நானும் பார்த்தேன், காசியம்மாளும் பார்த்தாள். "அதுக்காவது புடிச்சிருக்குதே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டாள். மறுநாளும் கோபம் தீராமல் ஒரு டம்ளர் வைத்தாள். அதற்கும் மறுநாள் கத்தாமல் வைத்தாள்.

ஹெலன் இதை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். நான் சாலையைத் தாண்டிப் போய்க் காசியம்மாளைக் கேட்டேன்.

"கடைக்கு வேற யாரும் வரல்ல, அதனால சித்தருக்கு ஊத்தறேன்னு சொல்லு" என்றாள் அவள். அது சத்தியமான வார்த்தை. ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். டம்ளர் காலியாகிவிடுகிறதா என்று கேட்டாள். ஆகிவிடுகிறது என்றேன். அதுவும் சத்தியம்தான். ஆட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் இருபது முப்பது வெள்ளைக்காரர்கள் சாலையின் இடது ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். காசியம்மாள் கடைத் தட்டியைத் திறந்தவள் கூட்டத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லானாள். பெஞ்சைத் துடைத்தாள். டம்ளர்களை எடுத்து அடுக்கினாள். சித்தர் டீயைக் கொண்டுவந்து பாறையில் வைத்தாள். எதிர்ப் பக்கம் எல்லோரும் கும்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒருத்தர்கூடச் சாலையைத் தாண்டாமல், திரும்பிக் கோதண்டராமன் கடையில் போய் உட்கார்ந்து டீ குடித்தார்கள். டம்ளர்களை அடுக்கி வைத்துவிட்டு நின்ற அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கோதண்டராமனுக்குக் கொண்டாட்டம். புதுசாக நாலு பெஞ்சு போட்டார். எல்லாப் பெஞ்சும் காசியம்மாள் கடையைப் பார்த்த மாதிரி. டீ ஆற்றுகிறவள் அந்தப் பக்கம், டீ விற்கிறவர் இந்தப் பக்கம். அடுப்பு, பால், தூள், கண்ணீர் எல்லாம் அவளுடையது. வரும்படி இவருடையது. ஒரு நாள் அவள் கொஞ்சம் லேட்டாகத் தட்டியைத் திறந்ததற்கு, "சீக்கிரம் காசி, கஸ்டமருங்க காத்துனு கீறாங்க" என்று இங்கிருந்தே அதட்டினார். மறுநாள் காலை அவள் அடுப்பு மூட்டவில்லை.

அன்று கொடியேற்றத்துக்கு முதல் நாள். அர்ஜுனன் சொன்னபடி வந்துவிட்டான். காசியம்மாள் பாய்லரைச் சாக்கில் கட்டினாள், பாத்திரங்களை மூட்டையாகக் கட்டினாள். இடது ஓரத்தில் கூட்டம் நின்று பார்த்தது. பாறை மேல் டம்ளர் இல்லை. ஹெலன் கவலையோடு ஏதோ சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள், ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சித்தருக்கே டீ இல்லாத இடத்தில் தாங்கள் குடிப்பது முறையல்ல என்று தீர்மானித்துவிட்டார்கள் போல. கோதண்டராமனின் புது பெஞ்சுகள் காலியாயின.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினார்.

"ஏம்மா காசி, இன்னாம்மா இது? வெச்சுடும்மா ஒரு டம்ளர்!"

"நில்லுங்க மாமா" என்றாள் அவள். "கீழ பாத்து நில்லுங்க. சித்தர் காலை மிதிச்சுக்கினு கீறீங்க."

அவர் நிஜமாகவே ஒரு துள்ளுத் துள்ளினார். பரசுராமன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். நானும் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"நான் ஊருக்குப் போறேன் மாமா. தம்பி வந்துட்டான்."

"போய்ட்டா சித்தருக்கு யாரும்மா ஊத்தறது? சாமி குத்தம் ஆயிடும்!"

"ஆமா மாமா, ஆயிடும்" என்று அவள் நிதானமாக மூட்டை மேல் உட்கார்ந்தாள். "அதனால ஒண்ணு பண்ணலாம். அந்தப் பக்கம் புளியமரத்துக்குக் கீழ எனக்கு ஒரு கடை போடற அளவுக்கு எடம் உடுங்க. நான் மனுசங்களுக்கு டீ ஆத்தறேன். நீங்க தெனம் இங்க வந்து சித்தருக்கு ஊத்துங்க."

"நானா?"

"சித்தருக்கு டீ ஆத்தறதப் பத்தி மொதல்ல சொன்னதே நீங்கதானே மாமா."

அவர் அர்ஜுனனைப் பார்த்தார். அவன் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவர் காலி பெஞ்சுகளைப் பார்த்தார். எதிர்ப் பக்கத்திலிருந்து ராணியம்மாள், "ஒத்துக்குங்களேன், கிணத்தையா கேட்டுட்டா?" என்று சத்தம் போட்டாள். கடைசியில் அவர் தலையை ஆட்டினார். தலையாட்டினால் மட்டும் போதாது என்றான் பரசுராமன். என் கடையிலிருந்து கற்பூரம் வந்தது. அந்தத் தட்டைப் பாறையில் அதை ஏற்றி, கோதண்டராமன் மலையைப் பார்த்து அடித்துச் சத்தியம் செய்தார். போகாமல் நின்றிருந்த ஹெலன் அதை ஏதோ பெரிய பூஜை என்று நினைத்துப் போட்டோ எடுத்தாள். பின்னால் அவர் எப்போதெல்லாம் இடத்தைப் பற்றி முனகினாரோ, அப்போதெல்லாம் காசியம்மாள் சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவைக் கையால் காட்டுவாள்.

நிஜமாகவே போயிருப்பாயா அக்கா என்று அப்புறம் ஒரு நாள் கேட்டேன்.

"போயிருப்பேன் மூர்த்தி. பஸ்ல ஏறி, அழுதுக்கினே போயிருப்பேன்" என்றாள். ஆனால் அன்று மூட்டையில் டீ வடிகட்டி மட்டும் இல்லை. அது அவள் இடுப்பில் செருகியிருந்தது, நான் பார்த்தேன்.

புளியமரத்தடிக் கடை நன்றாக ஓடியது. கோதண்டராமன் தினமும் விடிகாலையில் டம்ளரோடு சாலையைத் தாண்டினார். முதலில் முணுமுணுத்தார். எதிரே கும்பிடுகிறவர்கள் தன்னையும் சேர்த்துக் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் விபூதி பட்டையாக விழுந்தது. பிறகு தாடி முளைத்தது. அது நெஞ்சுவரை வந்தபோது காசியம்மாள், "மாமா, டீ ஊத்தறதோட நிறுத்திக்குங்க. சாமி ஆவணும்னா வேற ஊரு பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள். ராணியம்மாளே நாவிதரைக் கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது திருவண்ணாமலை தனி ஜில்லாவாகிவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மெட்ராஸிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. இடது ஓரம் முழுக்கக் கடை. வழிகாட்டுகிற ஆட்கள், "இந்தப் பாறையில் சித்தர்களுக்குத் தேநீர் படைப்பது ஆதிகாலத்து வழக்கம்" என்று மூச்சு விடாமல் சொல்கிறார்கள். ஆதிகாலத்தில் தேயிலை ஏது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஹெலன் மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறாள். இப்போதெல்லாம் பாலும் சர்க்கரையும் போட்டுக் குடிக்கிறாள்.

போன வாரம் காலையில் காசியம்மாள் டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலி டம்ளரை எடுத்துவரக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சாலையைத் தாண்டினாள். இப்போது இந்த வேலையும் அவளுடையதுதான். மெட்ராஸ்காரர் ஒருவர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அந்தப் பக்கம் போகாதீங்க! சித்தர்கள் நடக்கற இடம்!"

"தெரியும்பா" என்றாள் அவள். "யாருமே வராதப்ப என் கடைக்கு வந்தவங்க அவங்கதான்."

அவர் கையை விட்டுவிட்டார். அவள் போய் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி என் கடைப் பக்கம் வந்தாள். கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

"மூர்த்தி, பரசுராமன் ஆடு செத்து எத்தினி வருசம் ஆவுது?"

"அது ஆச்சுக்கா ரொம்ப வருசம். அவன்தான் ஆடு வளர்க்கறதையே உட்டுட்டானே."

அவள் டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை.

"குரங்கா இருக்கும்க்கா" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே டம்ளரைக் கழுவப் போனாள்.